தலைப்புப் பெட்டி தானாக நீளவும் வேண்டும், பக்கமும் குலையக் கூடாது: எப்படி அமைக்கிறீர்கள்?

குந்தா_மடல்

வணக்கம் நண்பர்களே. நீலகிரியில் மஞ்சூர் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகளுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு மாதமடல் கொண்டுவருகிறோம். ஏ4 அளவு, எட்டுப் பக்கம், பக்கத்துக்கு மூன்று காலம் (நெடுவரிசை). லே-அவுட் என் பொறுப்பு, அடோபியின் இன்டிசைன் மென்பொருளில் செய்கிறேன். சில பக்கங்களைத் தம்பி ஒருவர் தன் வீட்டிலிருந்து ஸ்கிரைபஸ் என்ற இலவச மென்பொருளின் 1.6 பதிப்பில் செய்து தருகிறார்.

சிக்கல் தலைப்புப் பெட்டியில்தான். டெம்ப்ளேட்டில் தலைப்புக்கு இரண்டு வரி உயரத்தில் பெட்டி போட்டு வைத்திருக்கிறேன். "உறைபனி: கவாத்தைத் தள்ளிப்போடுங்கள்" என்று வந்தால் ஒரே வரியில் முடிந்து, கீழே வெற்றிடம் தெரிகிறது. "பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு குன்னூரில் விவசாயிகள் கூட்டம்" என்று வந்தால் கடைசி வரி அடங்காமல் சிவப்புக் கூட்டல் குறி வந்து நிற்கிறது. பெட்டியைக் கையால் இழுத்து, கீழே உள்ள மூன்று காலத்தையும் கையால் இறக்கி முடிப்பதற்குள், தலைப்பை மாற்றச் சொல்லி யாராவது போன் செய்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு செய்திக்கு மேலும் வட்டத்தின் (தாலுகாவின்) பெயரை ஒரு பச்சைப் பட்டையில் வெள்ளை எழுத்தில் போடுகிறோம். நீலகிரியில் ஆறு வட்டங்கள். குந்தா என்றால் மூன்று எழுத்து, உதகமண்டலம் என்றால் எட்டு எழுத்து. ஒரே அகலத்தில் பட்டை வைத்தால் ஒன்றில் காலியாகக் கிடக்கிறது, இன்னொன்றில் எழுத்து ஓரத்தில் முட்டுகிறது.

பெட்டி வளரவேண்டுமா, எழுத்து சுருங்கவேண்டுமா? நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?


மலைரயில்_டிடிபி

குன்னூரில் டிடிபி வேலை செய்கிறேன், பேஜ்மேக்கர் காலத்திலிருந்தே. நீங்கள் கேட்டதற்கு இன்டிசைனிலேயே விடை இருக்கிறது. 2012இல் வந்த சிஎஸ்6 முதல் இந்த வசதி உண்டு. ஆனால் அதை மட்டும் போட்டுவிட்டு நிறுத்தினால் பக்கம் இன்னும் மோசமாகும். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

தலைப்புப் பெட்டியைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்+பி அழுத்துங்கள். டெக்ஸ்ட் ஃபிரேம் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் ஆட்டோ-சைஸ் என்ற பகுதியில் "ஹைட் ஒன்லி" தேர்ந்தெடுங்கள். அங்கேயே ஒன்பது புள்ளிகள் உள்ள ஒரு சின்னக் கட்டம் தெரியும். எந்தப் புள்ளியைத் தொடுகிறீர்களோ அந்த இடம் அசையாமல் நின்று, மற்றப் பக்கம் வளரும். மேல் நடுப்புள்ளியைத் தொட்டால் பெட்டி கீழ்நோக்கி நீளும். கீழ்ப்புள்ளியைத் தொட்டால் மேல்நோக்கி ஏறும். படத்துக்கு மேலே உட்காரும் தலைப்புக்குக் கீழ்ப்புள்ளி, மேட்டருக்கு (செய்தியின் உடல் எழுத்துக்கு) மேலே வரும் தலைப்புக்கு மேல்புள்ளி. பலர் இதைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். நடுப்புள்ளியில் இருந்தால் பெட்டி இரண்டு பக்கமும் வீங்கி, மேலே உள்ள கோட்டையும் தாண்டிப் போய்விடும்.

அடுத்தது, பெட்டி வளர்ந்தால் மேட்டர் விலகவேண்டும். தலைப்புப் பெட்டிக்கு டெக்ஸ்ட் ராப் (சுற்றியுள்ள எழுத்தை விலக்கும் வசதி) கொடுங்கள், பவுண்டிங் பாக்ஸ் வகை போதும். கீழ்ப்பக்கம் மட்டும் கொஞ்சம் இடைவெளி. மேட்டர் பெட்டியைப் பக்கத்தின் மேல் விளிம்பு வரை நீட்டி, தலைப்புப் பெட்டியை அதன் மேலேயே வையுங்கள். தலைப்பு ஒரு வரியானால் மேட்டர் மேலே ஏறும், மூன்று வரியானால் கீழே இறங்கும். கையால் எதையும் நகர்த்தவேண்டாம். பட்டை, படக்குறிப்பு போன்ற சின்னப் பெட்டிகளுக்கு "இக்னோர் டெக்ஸ்ட் ராப்" போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் தலைப்பு அவற்றின் எழுத்தையும் தள்ளிவிடும்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். தலைப்பின் லீடிங்கை (வரிக்கு வரி உள்ள தூரத்தை) மேட்டரின் லீடிங்கோடு கட்டிவையுங்கள். மேட்டர் 10 பாயின்ட், லீடிங் 13 என்றால், தலைப்புகளை மூன்று அளவுகளில் மட்டும் வையுங்கள்: 20க்கு 26, 30க்கு 39, 40க்கு 52. எல்லாமே 13இன் மடங்கு. 30 பாயின்ட் தலைப்பு ஒரு வரி கூடினால் மேட்டர் சரியாக மூன்று வரி இறங்கும். மூன்று காலமும் ஒன்றுக்கொன்று நேராகவே நிற்கும். ஆட்டோ லீடிங்கில் விட்டால் 120 சதவீதம் எடுத்துக்கொள்ளும், 30க்கு 36 வரும். 13க்கும் 36க்கும் எந்த ஒட்டும் இல்லை. வரிகள் உட்காரும் சமதூரக் கோடுகளான பேஸ்லைன் கிரிடைப் பூட்டியிருந்தாலும் தலைப்புக்குக் கீழே உள்ள இடைவெளி ஒரு பக்கத்தில் குறுகலாகவும் இன்னொன்றில் அகலமாகவும் தெரியும். 120 சதவீதம் தமிழுக்குப் போதவும் போதாது. மேல் வரியில் கு, ரு போல வால் இறங்கும் எழுத்தும் கீழ் வரியில் கி, சீ போல மேலே ஏறும் எழுத்தும் வந்தால் ஒன்றோடொன்று உரசும். 130 எனக்குப் பிடித்த அளவு. மேலே சொன்ன மூன்று அளவும் அதுதான்.

எல்லாவற்றையும் ஓர் ஆப்ஜெக்ட் ஸ்டைலில் சேமியுங்கள். ஆட்டோ-சைஸ், ராப், உள் இடைவெளி மூன்றையும் அதுவே பிடித்துவைத்துக்கொள்ளும்.


கோத்தகிரி_டீச்சர்

பள்ளி ஆண்டு மலர் செய்யும் அனுபவத்தில் சொல்கிறேன். நாங்கள் மைக்ரோசாஃப்ட் பப்ளிஷரில் செய்கிறோம். அதில் டெக்ஸ்ட் ஃபிட் என்று ஒன்று இருக்கிறது. "ஷ்ரிங்க் டெக்ஸ்ட் ஆன் ஓவர்ஃப்ளோ" போட்டுவிட்டால் தலைப்பு எவ்வளவு நீளமானாலும் எழுத்தே சுருங்கி அதே பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது. பெட்டி அசைவதில்லை, மேட்டரும் அசைவதில்லை. இவ்வளவு வேலை எதற்கு என்று தோன்றுகிறது. இதில் என்ன குறை?


பைக்காரா

டீச்சர், தனிப் போஸ்டருக்கு அது நன்றாகவே வேலை செய்யும். மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சிக்கோ சிம்ஸ் பூங்கா பழக் கண்காட்சிக்கோ ஒரு தாள் அடிக்கிறோம் என்றால், அதில் ஒரே தலைப்பு. சுருங்கினாலும் பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று கிடையாது.

மடலில் அப்படியில்லை. ஒரே பக்கத்தில் நான்கு தலைப்புகள் நிற்கும்போது வாசகர் எழுத்தின் அளவை வைத்துத்தான் எது பெரிய செய்தி என்று முடிவு செய்கிறார். பெட்டி தானாகச் சுருக்கினால் நீளமான தலைப்புக்குச் சின்ன எழுத்தும் குட்டித் தலைப்புக்குப் பெரிய எழுத்தும் அமைந்துவிடும். மண் சரிவால் சாலை மூடியது என்ற செய்தி 22 பாயின்ட்டிலும், கூட்ட அறிவிப்பு 36 பாயின்ட்டிலும் வந்தால் அந்தப் பக்கம் வாசகரைத் தவறாக வழிநடத்துகிறது. செய்தியின் எடையை முடிவு செய்யவேண்டியது ஆசிரியர். எழுத்து எண்ணிக்கை அதை முடிவு செய்ய விடக்கூடாது.

பப்ளிஷர் பற்றி ஒரு விஷயம்: அதற்கான ஆதரவை 2026 அக்டோபரோடு நிறுத்துவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. பழைய மலர்களின் கோப்புகள் இருந்தால் இப்போதே பிடிஎஃப் ஆக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.


கோத்தகிரி_டீச்சர்

அளவை வைத்து வாசகர் எடை போடுவார் என்பது சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். பப்ளிஷர் போனால் எங்களுக்கு இலவசமாக எது சரிப்படும்? பள்ளிக் கணினிகளில் லிப்ரே ஆபிஸ் இருக்கிறது.


பைக்காரா

மலருக்கு லிப்ரே ஆபிஸ் ரைட்டரே போதும் டீச்சர். ஃபிரேம் ஒன்றைச் செருகி, அதன் பண்புகளில் உயரத்துக்குக் கீழே ஆட்டோசைஸ் என்ற குறியைப் போட்டால் நீங்கள் கொடுத்த உயரம் குறைந்தபட்ச உயரமாக மாறிவிடும். அதற்கு மேல் தேவையான அளவு பெட்டி வளரும். அதே லிப்ரே ஆபிஸின் டிராவில் பெட்டி வரைந்தாலும் எழுத்துப் பண்புகளில் "ஆட்டோகுரோ ஹைட்" இருக்கிறது. தமிழ் உருவமைப்பில் பிரச்சினை இல்லை.


கூடலூர்_முனை

மலைரயில் அண்ணா சொன்னது நல்ல வழி. ஆனால் செய்தி மடலுக்கு நான் தலைப்பைத் தனிப் பெட்டியில் வைப்பதையே விட்டுவிட்டேன். தலைப்பும் மேட்டரும் ஒரே பெட்டியில், ஒரே ஓட்டத்தில். தலைப்பின் பாரகிராஃப் ஸ்டைலில் "ஸ்பான் காலம்ஸ்" போட்டு இரண்டு காலமோ மூன்று காலமோ கொடுத்துவிடுகிறேன். சிஎஸ்5இலேயே வந்துவிட்ட வசதி இது. தலைப்பு நீண்டால் மேட்டர் தானாக இறங்குகிறது, ஏனென்றால் இரண்டும் ஒன்றின்பின் ஒன்றாக வரும் பத்திகள்தானே. மேலே ஒரு செய்தியை நீக்கினால் கீழே உள்ள தலைப்பும் சேர்ந்து மேலே ஏறும். தனிப் பெட்டியாக இருந்தால் அந்தத் தலைப்பு பழைய இடத்திலேயே நின்றுவிடும், அதைத் தேடிப் பிடித்து நகர்த்தவேண்டும்.

எங்கள் பக்கம் துண்டறிக்கைகள் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் போகும். பந்தலூர், சேரம்பாடி, எருமாடு எல்லா இடத்திலும் அப்படித்தான். ஒரே செய்திக்கு மூன்று மொழியிலும் மூன்று நீளம். ஆங்கிலத் தலைப்பு ஒரு வரியில் முடியும் இடத்தில் தமிழ் இரண்டு வரி கேட்கும். ஸ்பான் காலம்ஸில் வைத்திருந்தால் ஸ்டைல் ஒன்றே, மொழிக்கு மொழி பெட்டி சரிசெய்யும் வேலை இல்லை.


மலைரயில்_டிடிபி

ஸ்பான் காலம்ஸ் நல்லதுதான், மறுக்கவில்லை. அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அது ஒரே பெட்டிக்குள் உள்ள காலங்களைத்தான் தாண்டும். மூன்று தனிப் பெட்டிகளை இணைத்து மேட்டர் ஓடவிட்டிருந்தால் தலைப்பு முதல் பெட்டிக்குள்ளேயே அடைபட்டு நிற்கும். குந்தா நண்பரின் டெம்ப்ளேட்டில் மூன்றும் தனித்தனிப் பெட்டியா, ஒரே பெட்டியில் மூன்று காலமா என்று பார்க்கவேண்டும்.

முதல் பக்கத்தில் படத்தின் மேல் ஏறி நிற்கும் தலைப்பு, பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும் தலைப்பு, இவற்றுக்குத் தனிப் பெட்டிதான் வழி. உள்பக்கச் செய்திகளுக்கு உங்கள் வழி. முதல் பக்கத்துக்கும் நடுப்பக்கக் கட்டுரைக்கும் என் வழி. அப்படிப் பிரித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.


குந்தா_மடல்

இரண்டையும் ஒரு பக்கத்தில் செய்து பார்த்தேன். ஆட்டோ-சைஸ் அழகாக வேலை செய்கிறது. பெட்டி வளர்வதைப் பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. மேட்டர் மூன்றும் தனித்தனிப் பெட்டிகள்தான். உள்பக்கங்களை ஒரே பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு சந்தேகம். தலைப்புக்குப் பின்னால் நிறம் கொடுத்தால் எழுத்து நடுவில் உட்காராமல் கீழே தள்ளியே இருக்கிறது, மேலே இடம் வீணாகிறது. மேல், கீழ் உள் இடைவெளி இரண்டும் சமமாகத்தான் கொடுத்திருக்கிறேன். அடுத்தது, தம்பியின் ஸ்கிரைபஸ் பக்கத்தில் ஒரு பிரச்சினை. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு பெட்டிகளில் முதல் வரி ஒரே உயரத்தில் நிற்க மறுக்கிறது. அளவு, எழுத்துரு எல்லாம் ஒன்றுதான்.


பைக்காரா

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: முதல் வரி எங்கிருந்து தொடங்கவேண்டும் என்ற கணக்கு.

இன்டிசைனில் டெக்ஸ்ட் ஃபிரேம் ஆப்ஷன்ஸுக்குள் பேஸ்லைன் ஆப்ஷன்ஸ் என்று ஒரு பகுதி உண்டு. அங்கே ஃபர்ஸ்ட் பேஸ்லைன் "அசென்ட்" என்று இருக்கும். எழுத்துருவை வடித்தவர் மேலே எவ்வளவு உயரம் ஒதுக்கினாரோ அதை அப்படியே விட்டுவிட்டு எழுத்து தொடங்குகிறது. தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் மேல்விலங்குக்கும் (கி, கீயில் மேலே வளையும் கோடு) புள்ளிக்கும் சேர்த்துத் தாராளமாக இடம் விட்டிருப்பார்கள், எழுத்துருவுக்கு எழுத்துரு அது மாறும். அதனால்தான் மேலே வீண் இடம். "லீடிங்" என்று மாற்றுங்கள். அப்போது எழுத்துரு என்ன நினைத்திருந்தாலும் முதல் வரி நீங்கள் கொடுத்த 39இலோ 26இலோ உட்காரும். பிறகு மேல் உள் இடைவெளியைக் கண்ணால் பார்த்துக் குறையுங்கள். நிறப் பெட்டிக்கு மட்டும் "ஃபிக்ஸ்டு" என்று எண் கொடுப்பதும் நல்லது. கேப் ஹைட், எக்ஸ் ஹைட் இரண்டும் இலத்தீன் எழுத்தை வைத்து அளப்பவை, தமிழுக்கு உதவாது.

ஸ்கிரைபஸில் டெக்ஸ்ட் ப்ராபர்டீஸில் ஃபர்ஸ்ட் லைன் ஆஃப்செட் பாருங்கள். "மேக்சிமம் அசென்ட்" இருந்தால் அந்த வரியில் உண்மையில் உள்ள எழுத்துகளில் எது உயரமோ அதை வைத்து அளக்கும். ஒரு தலைப்பில் கி, ரீ இருக்கும், பக்கத்துத் தலைப்பில் இருக்காது. இரண்டும் வெவ்வேறு உயரத்தில் தொடங்குவதற்கு அதுதான் காரணம். "லைன் ஸ்பேசிங்" என்று மாற்றினால் இரண்டும் ஒரே கோட்டில் நிற்கும்.

ஸ்கிரைபஸில் இன்டிசைன் போலப் பெட்டி தானாக வளராது. தலைப்பு அடித்து முடித்தபிறகு "அட்ஜஸ்ட் ஃபிரேம் ஹைட் டு டெக்ஸ்ட்" என்ற கட்டளையைக் கொடுக்கவேண்டும். அந்த நேரத்துக்கு உயரம் பொருந்தும். தலைப்பை மாற்றினால் மறுபடி கொடுக்கவேண்டும். மேட்டரைத் தள்ளுவதற்கு, தலைப்புப் பெட்டியின் ப்ராபர்டீஸில் டெக்ஸ்ட் ஃப்ளோ அரவுண்ட் ஃபிரேம் போட்டு, தலைப்புப் பெட்டி அடுக்கில் மேட்டருக்கு மேலே இருக்கும்படி பார்த்துக்கொள்ளவேண்டும். கீழே இருந்தால் தள்ளாது. ஸ்பான் காலம்ஸ் வசதி அதில் இல்லை, அதனால் தம்பி செய்யும் பக்கங்களுக்கு மலைரயில் அண்ணா வழிதான்.

தம்பி 1.4க்குத் திரும்பிப் போகாமல் இருக்கவேண்டும் என்பதும் முக்கியம். 1.5 வரிசையில்தான் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் சேர்ந்து தமிழ் ஒழுங்காக வரத் தொடங்கியது. 1.4இல் கெ, கொ எல்லாம் கொம்பு இடம் மாறித் தெரியும். இன்டிசைனிலும் இதே காரணத்துக்காகப் பாரகிராஃப் ஸ்டைலில் ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் அடோபி வேர்ல்டு-ரெடி பாரகிராஃப் கம்போசர் தேர்ந்தெடுத்திருக்கவேண்டும்.


கூடலூர்_முனை

பச்சைப் பட்டை பற்றி யாரும் சொல்லவில்லையே. அதற்கு இரண்டு வழி. தனிப் பெட்டியாக வேண்டுமென்றால் ஆட்டோ-சைஸில் "விட்த் ஒன்லி", இடது நடுப்புள்ளி. குந்தா என்றால் குட்டிப் பட்டை, உதகமண்டலம் என்றால் நீளப் பட்டை. குறைந்தபட்ச அகலம் ஒன்று கொடுக்க அங்கேயே இடம் இருக்கிறது, அதைக் கொடுங்கள். மூன்றெழுத்துப் பட்டை ரொம்பக் குறுகிப்போகாது.

நான் செய்வது இரண்டாவது வழி. பட்டையும் ஒரு பத்திதான். பாரகிராஃப் ஷேடிங் போட்டு, அகலத்தை "காலம்" என்பதிலிருந்து "டெக்ஸ்ட்" என்று மாற்றினால் நிறம் எழுத்து நீளத்துக்கு மட்டும் ஓடும். 2015 பதிப்பிலிருந்து உண்டு. பட்டை, தலைப்பு, மேட்டர் மூன்றும் ஒரே ஓட்டத்தில் வந்துவிடும். பட்டை தனியாகப் பிரிந்து வேறு செய்திக்கு மேல் போய் உட்காரும் ஆபத்தே இல்லை. மலைப்பகுதிச் செய்தியில் ஊர்ப் பெயர் மாறி அச்சாவது சின்ன விஷயம் இல்லை. மண் சரிவு எச்சரிக்கை கோத்தகிரிக்கா குந்தாவுக்கா என்பது வாசகருக்கு வீட்டைவிட்டு வெளியே போகலாமா வேண்டாமா என்ற கேள்வி.


மலைரயில்_டிடிபி

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே பட்டை விஷயத்தில் உங்கள் பக்கம் வருகிறேன்.


குந்தா_மடல்

நானும். பட்டைகளை ஷேடிங்குக்கு மாற்றிவிட்டேன். நன்றி கூடலூர் அண்ணா.

ஒற்றைக் காலத் தலைப்புகளில் ஒரு தொல்லை மிச்சம் இருக்கிறது. எங்கள் காலம் 56.7 மில்லிமீட்டர். பெட்டி உயரமாக வளர்கிறது, சரி. ஆனால் நீளமான ஒரு சொல் வந்தால் அது வரிக்குள் அடங்காமல் நடுவில் உடைந்து, மிச்சம் அடுத்த வரிக்குப் போகிறது. "உதகமண்டலத்தி" ஒரு வரி, "ல்" ஒரு வரி. ஹைஃபனேஷனை நிறுத்தியிருக்கிறேன், அப்படியும் உடைகிறது.


பைக்காரா

ஒற்றைக் காலத்தில் 30 பாயின்ட் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பத்தெழுத்துச் சொல் அந்த அகலத்துக்குள் அடங்க வழியே இல்லை. ஹைஃபனேஷன் இல்லாவிட்டாலும், ஒரு சொல்லே வரியைவிட நீளமானால் மென்பொருள் எங்காவது வெட்டித்தான் ஆகவேண்டும். "நோ பிரேக்" போட்டுத் தடுத்தால் இன்னும் மோசம், அந்தச் சொல்லும் அதற்குப் பின்னால் உள்ளதும் ஓவர்செட் ஆகி (பெட்டிக்குள் அடங்காமல்) காணாமல் போய்விடும்.

மேட்டரில் தமிழ்ச் சொல்லை எழுத்துக்கு எழுத்து உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவது நாளிதழ்களில் வழக்கம்தான், யாருக்கும் உறுத்தாது. தலைப்பில் உறுத்தும். பார்த்த நொடியில் படிக்கவேண்டிய இடம் அது.

நான் செய்யும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் அளவை ஒரு படி இறக்குவேன், 30இலிருந்து 20க்கு. இடையில் 27, 24 என்றெல்லாம் போவதில்லை, படிகள் மூன்றுதான். அதிலும் அடங்காவிட்டால் எழுத்துருவின் ஒடுங்கிய வடிவத்துக்குப் போவேன். அனெக் தமிழ் எழுத்துருவில் அகலம் 75இலிருந்து 125 வரை மாற்றலாம், நோட்டோ சான்ஸ் தமிழிலும் ஒடுங்கிய வடிவங்கள் உண்டு. இரண்டும் இலவசம். இவை ஒடுங்குவதற்கென்றே வரையப்பட்டவை, கோட்டின் தடிமன் கெடாது. கேரக்டர் பேனலில் ஹாரிஜான்டல் ஸ்கேலை 80 ஆக்குவது வேறு. அதில் நிற்கும் கோடுகள் மெலிந்து, படுக்கும் கோடுகள் அப்படியே இருக்கும். ண, ன, ற எல்லாம் நசுங்கித் தெரியும். ஸ்கிரைபஸில் செய்யும் தம்பி, இப்படி அகலம் மாற்றக்கூடிய (வேரியபிள்) எழுத்துருவுக்குப் பதிலாக ஒடுங்கிய வடிவத்தின் தனிக் கோப்பை நிறுவிக்கொள்ளட்டும்.

அதற்கும் அடங்காவிட்டால் தலைப்பை மாற்றி எழுதச் சொல்லிக் கேட்பேன். "உதகமண்டலத்தில்" பத்து எழுத்து, "உதகையில்" ஐந்து எழுத்து. நம் ஊர்க்காரர் யாருக்கும் இதில் குழப்பம் வராது.


மலைரயில்_டிடிபி

மாற்றி எழுதுவதை நான் முதலிலேயே வைப்பேன் பைக்காரா தம்பி. அளவை இறக்குவதற்கு முன்பே. எழுதியவரிடம் கேட்கத் தயங்கி லே-அவுட் ஆள் எழுத்தைப் பிழிந்துகொண்டிருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "கட்டுப்படியாகும் விலை கேட்டு குன்னூரில் விவசாயிகள் கூட்டம்" என்ற தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே பட்டையில் குன்னூர் என்று ஏற்கெனவே இருக்கிறது. தலைப்பில் அது மறுபடி எதற்கு? விவசாயிகளுக்கான மடலில் விவசாயிகள் என்று சொல்லவேண்டியதும் இல்லை. "பச்சைத் தேயிலை விலை: போராட்டம் பற்றி ஆலோசனை" என்று உள்ளே நடந்ததையே சொல்லலாம். இடமும் மிச்சம், செய்தியும் கூடுதல்.

வரி பிரிவதிலும் கவனம் வேண்டும். பாரகிராஃப் ஸ்டைலில் "பேலன்ஸ் ராக்டு லைன்ஸ்" போட்டால் இரண்டு வரியும் ஏறக்குறைய சம நீளத்தில் வரும், கடைசி வரியில் ஒற்றைச் சொல் தொங்காது. எண்ணும் அலகும் பிரியக் கூடாது. "46" மேல் வரியிலும் "கி.மீ." கீழ் வரியிலும் போனால் படிப்பவர் தடுமாறுவார். நடுவில் உடையாத இடைவெளி ஒன்று போடுங்கள். கட்டாயமாக ஒரு இடத்தில் வரி முறியவேண்டும் என்றால் ஷிஃப்ட்+என்டர். என்டர் தட்டினால் அது இரண்டு பத்தி ஆகி, நடுவில் பத்தி இடைவெளி நுழைந்துவிடும், ஸ்பான் காலம்ஸும் இரண்டாகப் பிரியும்.


கோத்தகிரி_டீச்சர்

ஒரு கேள்வி. எங்களுக்குக் கட்டுரை அனுப்பும் பழைய ஆசிரியர்கள் இன்னும் யுனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். அதை அப்படியே பெட்டியில் ஒட்டி அளவு பார்க்கலாமா?


மலைரயில்_டிடிபி

வேண்டாம் டீச்சர். முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள், பிறகு பெட்டியில் போடுங்கள். பாமினியில் புள்ளி என்பது அரைப்புள்ளிக் குறியின் இடத்தில் உட்கார்ந்திருக்கும், கணினி அதை நிறுத்தற்குறியாகத்தான் பார்க்கும். வரி முறிவு, தேடல் எதுவுமே சரியாக நடக்காது. மாற்றியபிறகு எழுத்துருவும் மாறுவதால் தலைப்பின் நீளமும் மாறும், முன்பு பார்த்த அளவு வீண். அனுப்பும் ஆசிரியர்கள் பாமினி விசைப்பலகையிலேயே பழகியிருந்தால் அவர்களை மாற்றச் சொல்லவேண்டியதில்லை. அதே விசைகளில் யுனிகோடு தட்டச்சு செய்யும் வசதி கிடைக்கிறது, அதை நிறுவிக் கொடுங்கள்.


தாள்_மை

மேட்டுப்பாளையத்தில் ஆஃப்செட் அச்சகத்தில் அச்சுத் தகடு (பிளேட்) செய்யும் பகுதியில் இருக்கிறேன். மலையிலிருந்து வரும் பிடிஎஃப்கள் தினமும் கையில் வரும். ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லவேண்டும்.

ஆட்டோ-சைஸ் பெட்டி பொதுவாக ஓவர்செட் ஆகாது. அதுதான் அதன் வசதி, அதில்தான் ஆபத்தும். முன்பு தலைப்பு நீண்டால் சிவப்புக் குறி காட்டிவிடும். இப்போது பெட்டி சத்தமில்லாமல் வளர்ந்து, மேட்டரைத் தள்ளி, மேட்டரின் கடைசி இரண்டு வரி பக்கத்துக்கு வெளியே விழுந்திருக்கும். தலைப்பைப் பார்த்துச் சரி என்று அனுப்பிவிடுவார்கள். "குழு உறுப்பினர்கள் தங்கள்" என்று முடிந்த கட்டுரைகள் பிளேட் வரை வந்திருக்கின்றன. இன்டிசைனில் அடியில் உள்ள, பிழை இருந்தால் காட்டும் ப்ரீஃப்ளைட் பச்சையாக இருக்கிறதா என்று ஏற்றுமதிக்கு முன் பாருங்கள். பேசிக் புரொஃபைலே ஓவர்செட்டைக் கண்டுபிடிக்கும். ஸ்கிரைபஸிலும் ப்ரீஃப்ளைட் வெரிஃபையர் உண்டு.

ஆனால் ராப் கொடுக்காமல் விட்ட பெட்டி மேட்டரின் மேல் ஏறி மறைத்தால் எந்த ப்ரீஃப்ளைட்டும் சொல்லாது. பக்கத்தின் கீழ் விளிம்பில் உள்ள பெட்டி வெட்டும் கோட்டைத் தாண்டி வளர்ந்தாலும் கவனமாகப் பார்த்தால்தான் தெரியும். தாளில் ஒரு பிரின்ட் எடுத்துப் படியுங்கள்.

எழுத்தையெல்லாம் அவுட்லைன் ஆக்கி அனுப்பவேண்டாம். எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் அனுப்பினால் போதும். கடைசி நிமிடத்தில் ஓர் எழுத்தைத் திருத்தவேண்டி வந்தால், அவுட்லைன் ஆன கோப்பில் பெட்டியே இருக்காது, வெறும் வடிவங்கள்தான் இருக்கும்.


குந்தா_மடல்

தாள்_மை அண்ணா சொன்னதும் உடனே ப்ரீஃப்ளைட் பார்த்தேன். ஆறாம் பக்கத்தில் சிவப்பு. தலைப்பு மூன்றாம் வரிக்குப் போனதால் கூட்டுறவுத் தொழிற்சாலை அறிவிப்பின் கடைசி வரி விழுந்திருக்கிறது, அதில்தான் தேதி இருந்தது.

இப்போதைய அமைப்பைச் சொல்கிறேன். உள்பக்கம் எல்லாம் ஒரே பெட்டியில் மூன்று காலம், தலைப்பு ஸ்பான் காலம்ஸ், பட்டை ஷேடிங். முதல் பக்கமும் நடுப்பக்கமும் தனிப் பெட்டி, ஹைட் ஒன்லி, மேல் நடுப்புள்ளி, ராப். லீடிங் எல்லாம் 13இன் மடங்கு. தம்பி தன் பக்கங்களுக்கு அதே எண்களை ஸ்கிரைபஸ் ஸ்டைலில் போட்டுக்கொண்டார். இரண்டு பேர் செய்த பக்கமும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. தனிப் பெட்டித் தலைப்பைப் பேரன்ட் பக்கத்தில் (எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான மூலப் பக்கத்தில்) வைப்பதா, வெளியே வைப்பதா? பேரன்டில் வைத்தால் ஒவ்வொரு பக்கத்திலும் கண்ட்ரோல்+ஷிஃப்ட் அழுத்தித் தொட்டால்தான் எழுத முடிகிறது.


மலைரயில்_டிடிபி

வெளியே வையுங்கள். பேரன்டில் பக்க எண், மடலின் பெயர், மாதம், கோடு இவை மட்டும் இருக்கட்டும். தலைப்புப் பெட்டிகளை லைப்ரரி கோப்பில் மூன்று வகையாகப் போட்டுவைத்து, தேவையானதை இழுத்து விடுங்கள். தலைப்பே இல்லாத பக்கத்தில் பேரன்டில் உள்ள வெற்றுப் பெட்டி கண்ணுக்குத் தெரியாமல் ராப் செய்து மேட்டரைத் தள்ளிக்கொண்டிருக்கும், காரணம் தேடியே பொழுது போய்விடும். தம்பிக்கு ஸ்கிரைபஸில் ஸ்கிராப்புக் என்று அதே போன்ற ஒன்று இருக்கிறது, அதில் வைக்கச் சொல்லுங்கள்.


குந்தா_மடல்

சரி அண்ணா, லைப்ரரிக்கு மாற்றிவிடுகிறேன். மூன்று அளவுக்கும் ஒன்றொன்று, அப்புறம் படத்துக்கு மேலே வருவதற்குக் கீழ்ப்புள்ளி வைத்த பெட்டி ஒன்று. நாளை தம்பிக்கும் அனுப்புகிறேன்.